இலவ மரத்தடியில் இரண்டு பறவைகள்: ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

லாஸ் ஏஞ்சல்ஸில் என் மகள் வீட்டுக்கு எதிரே நடைபாதையில் ஒரு மரம் நிற்கிறது. உடம்பெல்லாம் முள். அடிமரம் பச்சையாக, தொந்தி விழுந்த பாட்டில் மாதிரி இருக்கும். இங்கே இதை சில்க் ஃபிளாஸ் மரம் என்கிறார்கள். நம்மூர் இலவ மரத்துக்கு இது பங்காளி. இரண்டும் ஒரே பேரினம். இதன் சொந்த ஊர் பிரேசில், பொலிவியா, பராகுவே பக்கம். செப்டம்பரில் நானும் என் மனைவியும் வந்து இறங்கும்போது உள்ளங்கை அகலத்துக்கு ரோஸ் நிறப் பூக்கள் திறக்க ஆரம்பித்திருக்கும். மார்ச்சில் ஊருக்குக் கிளம்பும்போது காய் வெடித்துப் பஞ்சு பறக்கும். அந்த ஆறு மாதமும் மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவார்கள், எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. பால்கனியில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு இந்த மரத்துக்கு வருகிறவர்களைப் பார்ப்பதுதான் என் உத்தியோகம்.

தவறாமல் வருகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் அன்னாஸ் ஹம்மிங்பேர்ட், காற்றில் நின்றபடியே பூவில் தேன் குடிக்கும் குட்டிப் பறவை. இன்னொருவர் யெல்லோ-செவ்ரன்ட் பாராகீட் என்ற சின்னக் கிளி. செவ்ரன் என்றால் போலீஸ் ஏட்டையா கைச்சட்டையில் இருக்குமே, அந்தப் பட்டை. இதன் இறக்கையில் மஞ்சளாக அப்படி ஒரு பட்டை உண்டு. அதனால் நான் மஞ்சள் பட்டைக் கிளி என்றே எழுதுகிறேன்.

போன தடவை பேரனுக்குப் பள்ளிக்கூடத்தில், இரண்டு பறவைகளை ஒப்பிட்டு எழுதச் சொன்னார்கள். பையன் பத்து நிமிடத்தில் கம்ப்யூட்டரைப் பார்த்து ஒரு அட்டவணை போட்டுவிட்டான். நீளம், எடை, நிறம், உணவு. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதைப் படித்துவிட்டு மரத்தைப் பார்த்தால் எது எது என்று அவனுக்கே தெரியவில்லை. முப்பத்து மூன்று வருடம் சர்வேயராக இருந்தவன் நான். ஆபீசில் உட்கார்ந்து எழுதிய புலப்படத்தை வயலில் போய் விரித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். "வாடா, மரத்தடிக்குப் போவோம்" என்றேன். அப்படி இரண்டு பேருமாகத் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முக்கியமான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பறவைகளைத் தனித்தனியாகப் பார்த்துவிட்டுப் பிறகு ஒப்பிட உட்காராதீர்கள். ஒரே வேலையை இரண்டும் எப்படிச் செய்கின்றன என்று பாருங்கள். ஒரே பூ, ஒரே கிளை, ஒரே காய். ஹம்மிங்பேர்ட் சிறியது, கிளி பெரியது என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஒரு பூவில் இருக்கும் தேனை இரண்டும் எப்படி எடுக்கின்றன என்று பார்த்தால்தான் அலகு ஏன் அப்படி, கால் ஏன் இப்படி என்பதெல்லாம் தானாக விளங்கும்.

ஆள் சரிதானா?

பார்க்கத் தொடங்குமுன் இது அந்தப் பறவைதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். முதல் நாள் நோட்டில் நான் "தேன்சிட்டு, 7.10" என்று எழுதினேன். தப்பு. தேன்சிட்டு நம்மூர்ப் பறவை, அது வேறு குடும்பம். ஹம்மிங்பேர்ட் அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் கிடையாது. இரண்டும் தேன் குடிக்கும், இரண்டும் பளபளக்கும், அவ்வளவுதான் ஒற்றுமை. தேன்சிட்டு பெரும்பாலும் காம்பைப் பிடித்து உட்கார்ந்துகொண்டு குடிக்கும். ஹம்மிங்பேர்டின் நெருங்கிய சொந்தம் யார் தெரியுமா? எங்கள் தூத்துக்குடிப் பக்கம் பனைகளைச் சுற்றிச் சுற்றிப் பறக்குமே, பனை உழவாரன், அந்த இனம்தான். இரண்டுக்கும் கால் வெறும் பேருக்குத்தான்.

லாஸ் ஏஞ்சல்ஸில் இன்னொரு குழப்பமும் உண்டு. ஆலன்ஸ் ஹம்மிங்பேர்ட் என்று ஒன்று இதே தெருவில் திரிகிறது. விலாவிலும் வாலிலும் செங்கல் நிறம் தெரிந்தால் அது ஆலன்ஸ். அன்னாஸில் அந்த நிறமே இராது. முதுகு பச்சை, வயிறு சாம்பல். ஆணுக்குத் தொண்டை மட்டுமல்ல, தலை முழுக்க ரோஸ். இதை ஒரு வாரம் மாற்றி மாற்றி எழுதிவிட்டு அந்த வாரப் பக்கங்களையே கிழித்துப் போட்டேன்.

அன்னா என்ற பெயரைக் கேட்டதும் என் மனைவி, "யாருக்கு அண்ணாங்க?" என்றாள். யாருக்கும் அண்ணா இல்லை. 1829-ல் ரெனே லெஸ்ஸோன் என்ற ஃபிரெஞ்சு அறிஞர் ரிவோலி கோமகள் அன்னா மாசேனாவின் பெயரை இதற்கு வைத்தார். வீட்டில் இப்போதும் இதற்கு அண்ணாச்சி என்றுதான் பெயர்.

கிளியில் ஆளைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் பொறுமையான வேலை. இந்த நகரத்தில் பல வகைக் கிளிகள் காட்டுத்தனமாக வாழ்கின்றன. எதுவும் இந்த ஊரில் பிறந்த இனமல்ல. எல்லாம் கூண்டில் வைத்து விற்க வந்தவை, தப்பித்தவை, திறந்து விடப்பட்டவை, அவற்றின் பிள்ளை பேரன்கள். பாசடீனா பக்கம் கூட்டமாகக் கத்துகிற பெரிய கிளி, மெக்சிகோவிலிருந்து வந்த ரெட்-கிரவுண்ட் வகை. அதற்கு வால் குட்டை, நுனி மழுங்கியிருக்கும். நாம் பார்ப்பது அதைவிடச் சிறியது. வால் கூராக நீண்டிருக்கும். உடம்பு பச்சை, இறக்கை மடிப்பில் மஞ்சள். பறக்கும்போது இறக்கையில் மஞ்சளோடு அகலமாக வெள்ளையும் பளிச்சிட்டால் அது வொயிட்-விங்ட் என்ற சகோதர இனம். 1997 வரை இரண்டையும் ஒரே இனமாகத்தான் கணக்கில் வைத்திருந்தார்கள், அதனால் பழைய புத்தகங்களை நம்பிப் பெயர் எழுத வேண்டாம்.

எடை, நீளத்தை ஒரு முறை பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம். அதற்கு நான் பேரனிடம் செய்து காட்டிய வித்தை இது. அமெரிக்க ஐந்து சென்ட் நாணயத்தை இங்கே நிக்கல் என்பார்கள்; எடை சரியாக 5 கிராம். ஒரு நிக்கலை இடது உள்ளங்கையில் வையுங்கள். அன்னாஸ் அதைவிடக் கொஞ்சம் குறைவு. வலது கையில் பன்னிரண்டு நிக்கலை அடுக்குங்கள். அது ஏறக்குறைய அந்தக் கிளி. நீளமோ 10 சென்டிமீட்டருக்கு 22 சென்டிமீட்டர், இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல். அட்டவணையில் இருக்கும் எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு கைகளில் உணர்ந்த பிறகுதான் பையன், "தாத்தா, இது ஒண்ணுமே இல்லையே" என்றான், இடது கையைக் காட்டி.

உட்காரும் இடம்

சர்வேயில் மூலைக் கல் எது என்று முடிவு செய்யாமல் சங்கிலியை நீட்டக் கூடாது. இங்கேயும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே கிளையைப் பார்த்து உட்காருங்கள். எனக்குக் காலை ஏழிலிருந்து எட்டரை. சூரியன் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். ஏன் என்று நிறத்துக்கு வரும்போது சொல்கிறேன்.

பைனாகுலர் எட்டு மடங்கு பெரிதாக்குவது போதும். மருமகன் ஆசையாகப் பன்னிரண்டு மடங்கு வாங்கிக் கொடுத்தார். எழுபது வயதுக் கையில் அது நடுங்குகிறது, ஹம்மிங்பேர்டைப் பிடிப்பதற்குள் அது அடுத்த தெருவுக்குப் போய்விடும். பக்கத்து வீட்டு ஜன்னல் பக்கம் அதைத் திருப்பவே வேண்டாம். எனக்கு அந்த அனுபவமும் ஆயிற்று. மகள் போய் விளக்கம் சொல்லிவிட்டு வந்தாள்.

ஒரு நோட்டு. இடப்பக்கம் ஹம்மிங்பேர்ட், வலப்பக்கம் கிளி, நடுவில் கோடு. ஒரு கேள்வி எழுதினால் இரண்டு பக்கமும் பதில் வர வேண்டும். ஒரு பக்கம் காலியாக இருந்தால் காலியாகவே விடுங்கள், புத்தகத்தைப் பார்த்து நிரப்பாதீர்கள். மரத்தில் கண்ணுக்கு எட்டுகிற பூக்களுக்கும் பின்னால் காய்களுக்கும் நம்பர் போட்டு ஒரு படம் வரைந்து வைத்தேன். இது பழக்க தோஷம். ஆனால் பிப்ரவரியில் அது உதவியது.

அப்புறம் ஸ்லோ மோஷன் எடுக்கிற செல்போன். பேரனுடையது நொடிக்கு 240 படம் பிடிக்கிறது. அன்னாஸ் நொடிக்கு நாற்பது ஐம்பது தடவை இறக்கை அடிக்கும். ஒரு அடிக்கு ஐந்து படம்தான் கிடைக்கும், ஆனால் அந்த ஐந்தே போதும்.

சர்க்கரைத் தண்ணீர் ஃபீடரைத் தொங்கவிட்டு அதில் வைத்து ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். நரி தட்டில் கஞ்சி ஊற்றி வைத்துக் கொக்கை விருந்துக்குக் கூப்பிட்ட கதையாகிவிடும். அது ஹம்மிங்பேர்டுக்கென்று செய்த பாத்திரம். அதைக் கிட்டத்தில் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வைப்பதாக இருந்தால் வெள்ளைச் சர்க்கரை ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு, வேறு எதுவும் கூடாது. சிவப்புச் சாயம் வேண்டாம், தேன் வேண்டாம். வெயில் காலத்தில் இரண்டு நாளைக்கு ஒரு முறை கழுவி மாற்ற வேண்டும். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். "வெள்ளைச் சர்க்கரை உடம்புக்கு ஆகாது, பாவம்" என்று என் மனைவி ஊரிலிருந்து கொண்டுவந்த உடன்குடிக் கருப்பட்டியைக் காய்ச்சி வடிகட்டி ஊற்றிவிட்டாள். மறுநாள் பால்கனி முழுக்க எறும்பு. மூன்றாம் நாள் ஃபீடர் வாயில் கரும்பூஞ்சை. கருப்பட்டி, வெல்லம், நாட்டுச்சர்க்கரை எல்லாவற்றிலும் இரும்புச் சத்து உண்டு. நமக்கு நல்லது, இந்தப் பறவைக்கு ஆகாது.

ஒரு பூ, இரண்டு திருடர்கள்

இனி மரத்துக்கு வருவோம். இலவம் பூவின் ஐந்து இதழ்களும் விரிந்திருக்கும். நடுவில் குழல் மாதிரி ஒரு தண்டு, தேன் அடியில். ஒரே பூவில் இரண்டு பேரும் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.

ஹம்மிங்பேர்ட் பூவைத் தொடாது. முன்னால் காற்றில் நின்றுகொண்டு அலகை உள்ளே விடும். ஒரு விநாடி, இரண்டு விநாடி, வேலை முடிந்தது. அது எப்படி வெளியே வருகிறது என்று கவனியுங்கள். திரும்பாது, ரிவர்ஸ் கியர் போட்டு வரும். பூவைவிட்டுப் பின்பக்கமாக ஒரு சாண் தள்ளி வந்து, பிறகுதான் பக்கவாட்டில் போகும். பின்பக்கமாக இப்படி நினைத்தபோதெல்லாம் பறக்க வேறு பறவையால் ஆகாது. ஸ்லோ மோஷனில் பார்த்தால் இறக்கை மேலும் கீழுமாக அடிக்கவில்லை, முன்னும் பின்னுமாகப் படுத்த எட்டு வரைகிறது. பின்னால் போகும்போது இறக்கை தலைகீழாகப் புரண்டுவிடுகிறது. ரூஃபஸ் என்ற இன்னொரு ஹம்மிங்பேர்டை வைத்து 2005-ல் கணக்கிட்டார்கள்: உடம்பைத் தாங்கும் விசையில் முக்கால் பங்கு முன்னடியில் வருகிறது, கால் பங்கு பின்னடியில். மற்ற பறவைகளுக்குக் கீழ்ப்பக்க அடியில்தான் ஏறக்குறைய எல்லாம்.

உள்ளே நாக்கு செய்யும் வேலையைக் கண்ணால் பார்க்க முடியாது. நாக்கின் நுனி இரண்டாகப் பிளந்திருக்கும், ஓரத்தில் மெல்லிய மடல்கள். தேனில் பட்டதும் விரிந்து, வெளியே இழுக்கும்போது சுருண்டு தேனைப் பிடித்துக்கொண்டு வருகிறது. திரியில் எண்ணெய் ஏறுவது மாதிரி தேன் தானே ஏறுகிறது என்றுதான் நூற்றாண்டுக்கும் மேலாக எழுதிக்கொண்டிருந்தார்கள். 2011-ல் வேகக் கேமராவில் பார்த்த பிறகுதான் அது தப்பு என்று தெரிந்தது. நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் நக்குகிறது.

கிளி இதற்கு நேர் எதிர். முதலில் அதற்கு நிற்கக் கிளை வேண்டும். பூவுக்குப் பக்கத்துக் கிளையில் வந்து இறங்கும், பூ எட்டாவிட்டால் அலகால் ஒரு குச்சியைக் கவ்வி, உடம்பை இழுத்து, கால் மாற்றி நடந்து போகும். அலகு அதற்கு மூன்றாவது கால். விரல்களைப் பாருங்கள்: இரண்டு முன்னால், இரண்டு பின்னால், இடுக்கி மாதிரி. ஹம்மிங்பேர்டுக்கு மூன்று முன்னால், ஒன்று பின்னால். அதை வைத்துக்கொண்டு கம்பியில் உட்காரலாம், ஓர் அங்குலம் பக்கவாட்டில் நகரலாம், நடக்க முடியாது. நான் நோட்டில் எழுதிய முதல் நல்ல வரி இதுதான்: "ஒருவன் நிற்காமல் தின்கிறான். ஒருவன் நின்றால்தான் தின்பான்."

பூவுக்கு எட்டியதும் கிளி அதைக் காம்போடு கொய்துவிடும். அடியைக் கடித்து, அழுத்தி, தேனை வழித்துவிட்டு இதழைக் கீழே போடும். மூன்றே நொடியில் அடுத்த பூ. ஒரு கூட்டம் வந்து போனால் நடைபாதை ரோஸ் நிறமாகிவிடும்.

மரத்தடிக்குப் போய் விழுந்த பூக்களைப் பொறுக்குங்கள். இதற்குப் பைனாகுலர் தேவையில்லை, குழந்தைகளுக்கு மிகவும் பிடித்த பகுதி. தானாக விழுந்த பூவின் அடி முழுதாக இருக்கும். கிளி போட்ட பூவின் அடியில், பச்சைப் புல்லி சேரும் இடத்தில், அரைநிலா வடிவில் ஒரு நசுக்கல் இருக்கும், ஓரம் பழுப்பாகத் தொடங்கியிருக்கும். ஒரு நாள் பேரன் நாற்பத்தொரு பூ பொறுக்கினான். முப்பத்தி நான்கில் அரைநிலா. ஹம்மிங்பேர்ட் குடித்த பூ எது என்று கேட்டான். அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. தடயமே வைக்காத திருடன். முகத்தில் மகரந்தத்தைத் தேய்த்துக்கொண்டு போவதால் சில செடிகளுக்கு அவன் கூலியும் கொடுத்துவிடுகிறான்.

ஒன்று கவனித்தேன். கிளிக் கூட்டம் மரத்தில் இருக்கும்போதும் அண்ணாச்சி ஓடிப்போவதில்லை. மேல் கிளையில் உட்கார்ந்துகொண்டு இன்னொரு ஹம்மிங்பேர்ட் வந்தால் மட்டும் விரட்டுகிறான். பன்னிரண்டு மடங்கு எடையுள்ள கிளியோடு அவனுக்குத் தகராறு இல்லை, தன் இனத்தானோடுதான். நான் பார்த்த எல்லைத் தகராறுகளிலும் அண்ணன் தம்பி வழக்குகளே அதிகம்.

காதை மறக்காதீர்கள்

அட்டவணைகளில் சத்தத்துக்கு ஒரு கட்டம் இருக்காது. ஆனால் இந்த இரண்டு பறவைகளுக்கும் நிஜமான ஒற்றுமை அங்கேதான் இருக்கிறது.

கிளிகளைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்டுவிடுவோம். பள்ளிக்கூட இடைவேளை மணி அடித்ததும் வருமே, அந்த இரைச்சல், கொஞ்சம் உயர்ந்த கட்டையில். பறக்கும்போது கத்தும், இறங்கும்போது கத்தும், தின்னும்போதுதான் கொஞ்சம் அடங்கும். திடீரென்று மரம் அமைதியானால் மேலே பருந்து இருக்கிறதா என்று பாருங்கள்.

அண்ணாச்சியின் பாட்டை முதலில் நான் பாட்டு என்றே நினைக்கவில்லை. பழைய டிரான்சிஸ்டரில் இலங்கை வானொலியைத் தேடித் திருகும்போது வருகிற கரகரப்பு, கீச், மறுபடி கரகரப்பு. உச்சாணிக் கிளையில் உட்கார்ந்து நிமிடக் கணக்கில் பாடும்.

பெரும்பாலான பறவைகளுக்குக் குரல் பிறவியிலேயே வந்துவிடும், கோழிக்குஞ்சுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஒலியைக் கேட்டு, பழகி, கற்றுக்கொள்ளும் பறவைக் கூட்டங்கள் மூன்று: பாடும் பறவைகள், கிளிகள், ஹம்மிங்பேர்டுகள். கிளி கற்றுக்கொள்ளும் என்பது நமக்குத் தெரியும், சீட்டெடுக்கும் கிளியை வைத்துக் கதை சொன்னவர்கள் நாம். இந்த ஐந்து கிராம் உருப்படியும் தன் பாட்டைக் கேட்டுத்தான் கற்றுக்கொள்கிறது என்பது எனக்குப் புதிது. அதற்கான மூளைப் பகுதிகள் ஹம்மிங்பேர்டிலும் இருப்பதை 2000-ல் கண்டறிந்தார்கள். சொந்தம் பார்த்தால் இரண்டும் ரொம்ப தூரம். மரபணுக் கணக்கில் கிளிக்கு நெருக்கம் பாடும் பறவைகளும் வல்லூறுகளும்தான், ஹம்மிங்பேர்ட் இல்லை. தனித்தனிக் கிளையில் இருந்துகொண்டு ஒரே வித்தையை வைத்திருக்கின்றன.

ஆண் அன்னாஸிடம் வாயால் எழுப்பாத ஒரு சத்தமும் உண்டு. டிசம்பர் ஜனவரியில் கவனியுங்கள். ஒரு புள்ளியாகத் தெரியும் உயரத்துக்கு நேராக ஏறும், முப்பது மீட்டருக்கு மேல். அங்கிருந்து கல் மாதிரி விழும். தரைக்குக் கிட்டே வளைந்து மேலேறும் கணத்தில் "ட்டீக்" என்று ஒரு வெடிப்பு. அது தொண்டையிலிருந்து வருவதல்ல, வாலின் வெளி இறகுகளை ஒரு கணம் விரிக்கும்போது காற்று கிழிந்து வரும் ஒலி. இது உறுதியானது 2008-ல். அடுத்த வருடம் வேகத்தையும் அளந்தார்கள்: நொடிக்குத் தன் உடம்பு நீளத்தைப்போல் 385 மடங்கு தூரம். எல்லாம் ஒரு பெண்ணுக்காக. முதல் தடவை கேட்டபோது யாரோ விசில் ஊதியதாக நினைத்துத் திரும்பிப் பார்த்தேன்.

நோட்டில் வலப்பக்கம் இதற்கு நேராக எழுத எதுவும் இல்லை. கிளிகள் ஜோடியாக ஒட்டி உட்கார்ந்து ஒன்றின் கழுத்தை ஒன்று கோதிக்கொள்ளும், அவ்வளவுதான்.

நிறம்: புடவைக் கடையில் பார்ப்பது மாதிரி

சூரியன் முதுகுப் பக்கம் இருக்கட்டும் என்று சொன்னேன் அல்லவா. எதிர் வெயிலில் ஆண் அன்னாஸின் தலை வெறும் கறுப்பு. அது தலையைத் திருப்பும், சட்டென்று ரோஸ் நிறம் பற்றி எரியும், மறுபடி கறுப்பு. அந்த ரோஸில் சாயமே கிடையாது. இறகுக்குள் அடுக்கடுக்காக இருக்கும் நுண்தகடுகளில் ஒளி பட்டுத் திரும்பும் கோணத்தைப் பொறுத்து நிறம் வருகிறது. முதுகின் பச்சையும் அப்படித்தான். மயில் கழுத்துக் கலர் பட்டுப் புடவையைக் கடைக்காரர் ஏன் அசைத்து அசைத்துக் காட்டுகிறார்? அதே சங்கதி.

கிளியின் பச்சை எந்தப் பக்கம் திரும்பினாலும் பச்சைதான். அதில் பாதி சாயம், பாதி ஒளி வித்தை. கிளிகளுக்கு மட்டுமே உரிய ஒரு மஞ்சள் சாயம் இருக்கிறது, வேறு எந்தப் பறவையிலும் கிடையாது. அதன் கீழே இறகின் அமைப்பு நீல ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. மஞ்சளும் நீலமும் சேர்ந்து நம் கண்ணுக்குப் பச்சை. இறக்கையின் அந்தப் பட்டையில் நீலம் சேரவில்லை, சாயத்தின் மஞ்சள் மட்டும் தெரிகிறது. மரத்தடியில் ஓர் இறகு கிடைத்தால் ஜன்னல் பக்கம் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பாருங்கள், ஆனால் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகுமுன் யாருடைய இறகு என்று தெரிந்துகொள்ளுங்கள். இந்த நாட்டில் 1918-லிருந்தே ஒரு சட்டம் இருக்கிறது. ஹம்மிங்பேர்டின் இறகையோ கூட்டையோ எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது. வெளியிலிருந்து வந்த கிளிக்கு அந்தச் சட்டம் இல்லை.

ராத்திரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இருட்டில் எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. கிளிகள் கூட்டமாக அடையும். ஹம்மிங்பேர்ட் தனியாக ஒரு குச்சியில் உட்கார்ந்து, குளிர் அதிகமானால் உடம்புச் சூட்டைப் பாதிக்கும் கீழே இறக்கி அடுப்பை அணைத்துவிட்டுக் கிடக்கும். விடிந்ததும் மறுபடி சூடேற்றிக்கொள்ளும். ஜனவரிக் காலையில் அசையாமல் ஒன்று உட்கார்ந்திருந்தால் செத்துவிட்டது என்று தொட்டுப் பார்க்க வேண்டாம்.

காய் நம்பர் ஏழு

பூ முடிந்ததும் பலர் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள். நீங்கள் நிறுத்தாதீர்கள். பூ உதிர்ந்த இடத்தில் மாங்காய் அளவுக்குப் பச்சைக் காய் பிடிக்கும். இப்போது கேள்வி மாறுகிறது: பூவில் இரண்டு பேருக்கும் தேன் வேண்டும், காயில் யாருக்கு என்ன வேண்டும்?

இரண்டும் கூடு கட்டுவதும் இப்போதுதான். கிளிகள் தங்கள் சொந்த ஊரில் மரத்தில் கட்டிய கறையான் புற்றைக் குடைந்து முட்டையிடும். இந்த நகரத்தில் அந்தப் புற்று ஏது? பனை மாதிரி வளர்கிற மரங்களில் காய்ந்த மட்டை அடுக்கடுக்காகத் தொங்குமே, அதற்குள் சுரங்கம் போட்டுக்கொள்கின்றன. எங்கள் ஊரில் மட்டையை வெட்டி வேலி கட்டியிருப்போம். இங்கே வெட்டாமல் விட்டதில் கிளிக்கு வீடு கிடைத்தது. அப்பா அம்மா இரண்டு பேரும் குஞ்சுக்கு ஊட்டும்.

ஹம்மிங்பேர்டில் ஆணின் பங்கு அந்த விசிலோடு முடிந்தது. கூடு கட்டுவது, அடைகாப்பது, ஊட்டுவது எல்லாம் பெண் தனியாக. இரண்டே முட்டை, மொச்சைக் கொட்டை அளவு, வெள்ளை. (கிளி முட்டையும் வெள்ளைதான். பேரன் ஒற்றுமைப் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொண்டான்.) கூடு ஒரு சின்ன எண்ணெய்க் கிண்ணி அளவு. சிலந்தி நூலால் கட்டி, உள்ளே பஞ்சு வைத்து, வெளியே பாசி ஒட்டி மறைத்திருக்கும். சிலந்தி நூல் என்பதால் குஞ்சு வளர வளரக் கூடும் இழுபட்டு விரியும்.

இந்தப் பிப்ரவரியில் பக்கத்து வீட்டு எலுமிச்சையில் ஒரு பெண் கூடு தொடங்கியது. எங்கிருந்து பஞ்சு கொண்டுவருகிறது என்று இரண்டு நாள் பார்த்தேன், பிடிபடவில்லை. மூன்றாம் நாள் காலை 7.40-க்குக் கிளிக் கூட்டம் இலவத்தில் வந்து இறங்கியது. பதினோரு பேர். என் படத்தில் ஏழாம் நம்பர் காயில் ஒன்று தலைகீழாகத் தொங்கியது. தோலை அலகால் கிழித்துக் கிழித்துத் துப்பியது, உள்ளே வெள்ளை தெரிந்தது. பஞ்சைப் பிடித்து இழுத்து, நடுவில் இருக்கும் மிளகு மாதிரியான விதையை மட்டும் எடுத்துக்கொண்டு பஞ்சைக் காற்றில் விட்டது.

என் மனைவி காபியோடு பின்னால் நின்றுகொண்டிருந்தாள். "இலவு காத்த கிளின்னு சொல்லிச் சொல்லியே வளத்தாங்க நம்மள. இங்க பாருங்க, காத்திருக்கவே இல்லையே, பிச்சித் திங்குது" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. கிழிந்த காய்க்குக் கீழே ஒரு குச்சியில் பஞ்சு சிக்கியிருந்தது. அதன் முன்னால் அந்தப் பெண் ஹம்மிங்பேர்ட் காற்றில் நின்றுகொண்டிருந்தது. ஒரு கவ்வு, பின்பக்கமாக ஒரு சாண், நேராக எலுமிச்சைக்கு. மறுபடி வந்தது. மறுபடி. தலைக்கு மேலே கிளி தின்றுகொண்டே இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததாகவே தெரியவில்லை.

நோட்டில் அன்றைய பக்கத்தில் பேரன் கையெழுத்தில் இருப்பது இவ்வளவுதான். நடுக் கோட்டுக்கு மேலே: "காய் 7." வலப்பக்கம்: "விதை." இடப்பக்கம்: "பஞ்சு, நாலு தடவை."